தாசில்தார்

இரண்டு அங்குலம்கூட இல்லை.
உடம்பு நீலம், வால் மட்டும் மஞ்சள்.
கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில்
ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் வந்து
விடியற்காலை நாலரைக்கு
செம்மண்டலத்தில் இறங்கினார்.

கடைக்காரர் போனிலேயே சொன்னார்,
"டாம்சலைக் கடைசியா விடுங்க மேடம்."
முதலில் விட்டேன்.
காலித் தொட்டியைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மூன்று வாரம்.
நாலடிக் கண்ணாடியில் மூன்றரை அடிக்குப்
பட்டா அவர் பெயரில்.
பின்னால் வந்த கோமாளி மீன் இரண்டும்
பம்ப்புக்கும் மூலைக்கும் நடுவே
புறம்போக்கில் குடியிருந்தன.
பெரியதன் துடுப்பு
தேர்தல் முடிந்த தெருவின் கொடி.

தாசில்தார் என்று பெயர் வைத்தது தேவநாதன்.
மீனில் அக்கறை கிடையாது,
பெயர் வைப்பதில் உண்டு.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
மஞ்சக்குப்பத்தில்
ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர்,
அந்தப் பக்கம் ஒரு மீட்டர்.
அண்ணன் வாசலில் நான் நின்றால்
தம்பி வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.
என்ன ஏதென்று கேட்டதில்லை.
யூனிட்டை அட்டையில் எழுதிவிட்டு
அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன்.

வீட்டில் அப்படி முடியவில்லை.

இடது மூலையில் ஒரு சிட்டிகை தீனி,
அவர் பாய்ந்ததும்
வலது மூலையில் மற்றவர்களுக்கு.
நாலே நாள்.
ஐந்தாம் நாள் என் இடது கையைப் பார்த்தபடி
வலது மூலையில் நின்றார்.

பாறைகளைக் கலைத்தேன்.
முழங்கைச் சிராய்ப்பில் உப்பு காந்த
குகை இருந்த இடத்தில் மணல்,
மணல் கிடந்த இடத்தில் மேடு.
சர்வே நம்பரே இல்லாத ஊரில்
ஒரு பகல் திகைத்துத் திரிந்தார்.
மறுநாள் காலைக்குள்
மறு அளவை முடிந்திருந்தது.

தேவநாதனின் சவரக் கண்ணாடியை
வெளிப்பக்கம் சாய்த்து வைத்தேன்.
தன்னையே முட்டினார், மாலை வரை,
தீனியைத் திரும்பிப் பார்க்காமல்.
கோமாளிகள் முதன்முதலாக நடுத்தொட்டிக்கு வந்தன.
தேவநாதன் தாடியோடு ஆபீஸ் போனார்.
மீனின் உதடு வெளுத்து நைந்திருந்தது.
கண்ணாடியை நானேதான் எடுத்தேன்.

பிறகு பொறி.
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து
தலைகீழாகச் செருகி
உள்ளே உரித்த இறால் ஒரு துண்டு.
சங்கு நண்டு மாட்டியது, இரண்டு முறை.
இவர் தூரத்தில் நின்று பார்த்தார்.
ஆறாம் இரவு மின்வெட்டு
(எங்கள் துறைதான், யாரைத் திட்ட).
டார்ச் அடித்தால்
குகையென்று நினைத்து பாட்டிலுக்குள்
படுத்திருக்கிறார்,
நிறம் மங்கி,
யாருடைய மீனோ போல.

குளியலறையில் வெள்ளை வாளி, காற்றுக்கல்.
தொட்டியில் அமைதி.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள்
துடுப்பு தழைத்த பெரிய கோமாளி
தன் ஜோடியைத் துரத்தியது,
பம்ப்புக்கும் மூலைக்கும் நடுவே,
அதே இடத்துக்கு.
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்,
உள்ளங்கையில் தீனி ஊறிப்போகும் வரை.

கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை.
"சில்வர் பீச்சுல விட்டுடேன்" என்றார் தேவநாதன்.
எந்தக் கடலில் பிடித்தார்கள் என்று
பில்லில் போட்டிருக்கவில்லை.

பத்தாம் இரவு
பாறைகளை மறுபடி மாற்றி
விளக்கணைத்து
வாளியை மெல்லச் சாய்த்தேன்.
கடைசியாக வந்தவர் இப்போது அவர்தான்.

இருட்டில் தண்ணீர் ஒருமுறை அலம்பியது.
யார் யாரை என்று
பம்ப் சத்தத்தில் தெரியவில்லை.
ஆறு மணிக்கு டைமர் விளக்கைப் போடும்.
அதுவரை சோபாவில் கிடக்கிறேன்.

நாளை மஞ்சக்குப்பம்.
முதலில் எந்த வாசலில் நிற்பது என்று
இத்தனை வருடத்தில் யோசித்ததே இல்லை.